எங்கே சாப்பிடலாம்? தாமிரபரணிக் கரையில் ஒரு கேள்வியின் வரலாறு

சென்னை நண்பர் ஒருவர் சென்ற மாதம் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அலுவலக வேலையாக இரண்டு நாள் திருநெல்வேலிக்கு வருகிறாராம். தங்குவதற்கு ஏற்பாடு ஆகிவிட்டது. சாப்பிட நல்ல இடமாக நான்கு பெயர் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார். உள்ளூர்க்காரனிடம் கேட்கப்படும் கேள்விகளில் இதைவிட எளியது இல்லை. ஜங்ஷனில் இன்னது, டவுணில் இன்னது, பாளையங்கோட்டையில் இன்னது என்று ஐந்து நிமிடத்தில் பதில் எழுதிவிட்டேன்.

அனுப்பிய பிறகுதான் என் தாத்தாவின் நினைவு வந்தது. அவரும் வேலையாகத் திருநெல்வேலிக்கு வந்துபோனவர். நில விவகாரம் ஒன்றுக்காகப் பல ஆண்டுகள் கொக்கிரகுளத்துக் கச்சேரிக்கு அலைந்தார். ஒவ்வொரு முறையும் பனையோலைப் பெட்டியில் புளிச்சோறு கட்டிக்கொண்டுதான் புறப்படுவார். ஆற்றுப் படித்துறையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, கையால் நீர் அள்ளிக் குடித்துவிட்டு, மறுபடியும் கச்சேரி வாசலுக்குப் போவார். சிக்கனம் என்றே சிறுவயதில் நினைத்திருந்தேன். மடியில் பணம் இருந்தும் அவர் சோறு கட்டிக்கொண்டு போனதன் காரணம் வேறு என்று வெகுகாலம் கழித்தே விளங்கியது. நண்பர் ஒரு வரியில் கேட்டுவிட்ட கேள்வியை என் தாத்தாவால் எவரிடமும் கேட்டிருக்க முடியாது. கேட்டிருந்தால், பதிலுக்கு முன் இன்னொரு கேள்வி வந்திருக்கும்: "நீர் யார்?"

வழிப்போக்கன் எங்கே உண்பது என்பது அவன் யார் என்பதைப் பொறுத்தே அமையும் என்ற நியதி இந்த ஆற்றங்கரையில் நூற்றாண்டுகள் நீடித்தது. அது எப்படித் தளர்ந்தது என்பதை எனக்குத் தெரிந்த அளவில் எழுதிப் பார்க்கிறேன்.

*

இங்கே சோற்றுக்குப் பஞ்சம் இருந்ததில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பொதிகையில் இறங்கும் ஆறு, அதன் இருபுறமும் கால்வாய்கள், அவற்றின் கரையில் நெல்வயல்கள், வயல்களின் நடுவே கோயில்கள். ஊரின் பெயரிலேயே நெல் இருக்கிறது.

அம்பாசமுத்திரத்து எரிச்சாவுடையார் கோயிலில் வரகுண பாண்டியனின் ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. அன்று அவ்வூரின் பெயர் இளங்கோக்குடி. அரசன் 290 காசு கொடுக்கிறான். முதல் அழியாமல், காசுக்கு ஆண்டுக்கு இரண்டு கலம் வட்டியாக 580 கலம் நெல் அளக்கப்பட வேண்டும். அதைக்கொண்டு நாள்தோறும் நான்கு வேளை இறைவனுக்கு அமுது படைக்க வேண்டும். சோறு, நெய், தயிர், வாழைப்பழம், சர்க்கரை, காய்க்கறி, புளிங்கறி, தாளிதத்துக்கும் பொடிக்கும் வேண்டிய மிளகு, சீரகம், பிறகு வெற்றிலை பாக்கு என்று கணக்கு நீள்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் பட்டியல் நமக்கு அந்நியமாக இல்லை. நெல்லைப் பக்கத்து வீடொன்றில் இன்று போடும் இலையோடு அதைப் பொருத்திப் பார்க்கலாம். மிளகாயும் உருளைக்கிழங்கும்தான் பிற்பாடு வந்தவை.

இறைவனுக்குப் படைத்த சோறு பிறகு மனிதருக்குப் போகும். எந்த மனிதருக்கு என்பதைக் கோயிலின் வழக்கம் தீர்மானிக்கும். பணியாளர்க்கு உரிய பங்கு, அந்தணர்க்கு உரிய பங்கு, கட்டளைதாரர்க்கு உரிய பங்கு என்று அது பிரியும். கோயில் வாசலைத் தாண்டவே உரிமையற்றவர்களுக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. அந்த வயல்களில் நாற்று நட்டு நெல் அறுத்தவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தாம் என்பதை மறந்துவிட வேண்டாம்.

*

கோயிலை அடுத்துச் சத்திரம். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாளின் பெயரைத் தென்மாவட்டங்களில் இன்றும் சாலைகள் தாங்கி நிற்கின்றன. சாலையும் சாலையோரத்துச் சத்திரமும் மரமும் தண்ணீர்ப்பந்தலும் ஒரே தருமத்தின் உறுப்புகளாகக் கருதப்பட்டன. மாட்டு வண்டியில் ஒரு நாளில் கடக்கக்கூடிய தொலைவை அளந்து, அங்கங்கே தங்கவும் உண்ணவும் இடம் அமைப்பது பெரிய காரியம். அதைச் செய்தவர்களைக் குறைத்துச் சொல்லும் நோக்கம் எனக்கில்லை. ஆனாலும் திண்ணை எல்லோருக்கும் கிடைத்த அளவுக்குச் சோறு எல்லோருக்கும் கிடைக்கவில்லை. சமைத்த சோறு பெரும்பாலும் பிராமணருக்கு. மற்றவர்களில் சிலருக்கு அரிசியும் பருப்பும் விறகும். வேறு சிலருக்கு வெளியே நிழல் மட்டும்.

இந்த ஏற்பாடு உச்சத்தில் இருந்தது மலைக்கு அப்பால், திருவிதாங்கூரில். அங்கே அரசே ஊட்டுப்புரைகளை நடத்திப் பிராமண வழிப்போக்கர்களுக்கு இலவசமாக உணவளித்தது. ஆறாண்டுகளுக்கு ஒருமுறை திருவனந்தபுரத்தில் 56 நாள் முறைஜபம் நடக்கும். ஆரல்வாய்மொழி வழியாகவும் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் திருநெல்வேலிச் சீமையின் ஏழைப் பிராமணர்கள் அங்கே போய்வந்தார்கள். லண்டன் மிஷனைச் சேர்ந்த சாமுவேல் மட்டீர் 1871இல் திருவிதாங்கூரைப் பற்றி வெளியிட்ட நூலுக்குத் 'தருமபூமி' என்று பொருள்படும் தலைப்பை வைத்தார். அது பாராட்டு அல்ல. அந்நாடு தன்னைத் தருமபூமி என்று சொல்லிக்கொண்டதைத்தான் அவர் எடுத்துக் காட்டினார். வரி கொடுத்தவர் ஒருவர், உண்டவர் இன்னொருவர் என்பது அவருடைய கட்சி. மிஷனரியின் கண்ணுக்கு அதற்கான காரணங்கள் இருந்தன என்றாலும், குற்றச்சாட்டைத் தள்ளிவிட முடியாது.

சத்திரத்தில் இடம் கிடைக்காதவர்கள் என்ன செய்தார்கள்? என் தாத்தாவைப் போலக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டார்கள். அல்லது தங்களுக்கென்று வேறு இடம் கட்டிக்கொண்டார்கள். தெற்கே தேரிக்காட்டிலிருந்து கருப்பட்டியும் கருவாடும் ஏற்றி வடக்கே போன நாடார் வணிகர்கள் வழியில் பேட்டைகளை அமைத்தார்கள். மாடுகளைக் கட்டவும், சரக்கைப் பாதுகாக்கவும், பொங்கிச் சாப்பிடவும் மதில் சூழ்ந்த இடங்கள் அவை. வியாபாரத்தில் ஒவ்வொருவரும் மகமை என்று ஒரு சிறுதொகை கொடுக்க, அந்தப் பொதுப்பணத்தில் அவை நடந்தன. பின்னாளில் அதே மகமைப் பணம் பள்ளிக்கூடங்களாகவும் ஆயிற்று. அனுமதி மறுக்கப்பட்ட ஒரு வழிப்போக்கனின் பசியில் தொடங்கிய நிறுவனம் என்று அதைச் சொன்னால் மிகையாகாது.

*

திருநெல்வேலிக்கு 'வேலையாக' வருவது என்பது ஆங்கிலேயர் ஆட்சியில் பெருகிய வழக்கம். அதற்குமுன் வருபவர்கள் சாமி கும்பிடவோ சந்தைக்கோ வந்தார்கள். கலெக்டர் கச்சேரி, கோர்ட்டு, பதிவு அலுவலகம், பள்ளிக்கூடம் ஆகியவை வந்த பிறகு மனுவும் பத்திரமும் கையில் ஏந்தியவர்கள் வரத் தொடங்கினார்கள். ஆற்றின் ஒரு கரையில் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய பழைய நகரம். மறுகரையில் பாளையங்கோட்டையும் கொக்கிரகுளமும். இடையே ஓடத்தில்தான் போக வேண்டும். சிரஸ்தார் சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தில் கட்டிய பாலம் 1843இல் திறக்கப்பட்டது. 1876இல் மணியாச்சி வழியாக ரயிலும் வந்தது. சத்திரத்துக்குச் சத்திரம் என்று நகர்ந்த பயணம், ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் என்று மாறியது.

காலையில் வந்து மாலையில் திரும்பும் மனிதனுக்குச் சத்திரம் பொருந்தாது. அவனுக்கு வேண்டியது உடனே கிடைக்கும் சாப்பாடு. அந்தத் தேவையிலிருந்து பிறந்தவையே சாப்பாட்டுக் கடையும் காப்பி கிளப்பும். எங்கள் பக்கத்தில் கிளப்புக்கடை என்பார்கள். மலையாள, துளு நாட்டு அந்தணர்கள் நடத்தியவை போத்தி ஓட்டல்கள். காசு கொடுத்தால் சோறு என்பது அன்றைக்குப் புரட்சியான ஏற்பாடு. காசுக்குச் சாதி இல்லை என்பதால், கடைக்கும் இருக்காது என்று எதிர்பார்க்கலாம். நடந்தது வேறு. 'பிராமணாள்' என்ற பெயர்ப்பலகை ஏறியது. சமைப்பவர் யார் என்பதற்கான உத்தரவாதம் அது என்றார்கள். உள்ளே பிராமணருக்குத் தனி அறை, மற்ற சாதியாருக்குத் தனி அறை. தாழ்த்தப்பட்டவருக்கு அறையே இல்லை. ரயில் நிலையங்களின் உணவுச்சாலைகளிலும் இதே பிரிவினை. ஒரே எஞ்சின் இழுத்த வண்டியில், ஒரே பெட்டியில், தோளோடு தோள் இடித்துக்கொண்டு வந்தவர்கள் இறங்கியதும் இரண்டு வாசல்களில் பிரிந்து போனார்கள்.

*

இந்தக் கேள்வி ஒரு நாட்டின் அரசியலையே திருப்பிவிட்டது திருநெல்வேலியிலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் மேற்கே, அதே ஆற்றின் கரையில்.

வ.வே.சு. ஐயரை இலக்கிய வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 'குளத்தங்கரை அரசமர'த்தின் ஆசிரியர்; குறளை ஆங்கிலத்தில் தந்தவர்; லண்டனில் புரட்சியாளர்களோடு இருந்து, புதுச்சேரியில் பத்தாண்டு தலைமறைவு வாழ்க்கை நடத்தியவர். 1922இன் இறுதியில் அவர் ஒரு குருகுலத்தைத் தொடங்கினார். முதலில் கல்லிடைக்குறிச்சி, பிறகு சேரன்மகாதேவி. அன்னியக் கல்விக்கு மாற்றாகத் தேசியக் கல்வி, தாய்மொழியில் பாடம், உடலுழைப்பு என்று அதன் நோக்கங்கள் உயர்ந்தவை. தமிழ்நாடு காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு ஐயாயிரத்தைக் கொடுத்தது. பிராமணரல்லாதார் பலரும் நன்கொடை அளித்தார்கள்.

அங்கே பிராமணச் சிறுவர் இருவர் மற்றவர்களோடு அமராமல் தனியே உண்டார்கள். அவர்களின் பெற்றோருக்கு அவ்வாறு வாக்குக் கொடுத்திருப்பதாக ஐயர் சொன்னார். ஐயர் தம்மளவில் பந்தி பேதம் பார்க்கிறவர் அல்லர் என்பதை அவரை எதிர்த்தவர்களும் அறிவார்கள். சிக்கலின் வேதனையே அதுதான். தாம் நம்பாத ஒரு வழக்கத்தை, கொடுத்த வாக்குக்காகவும் நிறுவனத்தின் பிழைப்புக்காகவும் அவர் காத்து நின்றார். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் அங்கே படித்தான். அவன் வழியாகச் செய்தி வெளியே வந்தது. வரதராஜுலு நாயுடு தம் 'தமிழ்நாடு' இதழில் எழுதினார், ஈ.வெ. ராமசாமி நாயக்கர் மேடைகளில் பேசினார். பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளியில் பிள்ளைகள் எதற்காகப் பிரிந்து உண்ண வேண்டும் என்பதே கேள்வி.

1925இல் தெற்கே வந்த காந்தியடிகளிடம் விவகாரம் போயிற்று. கொடுத்த வாக்கு இருப்பதால் அந்த இரு சிறுவர்கள் மட்டும் தனியே உண்ணட்டும், இனி அப்படி எவரையும் சேர்க்க வேண்டாம் என்பது அவருடைய சமரசம். இரு தரப்புக்கும் அது போதவில்லை. ஏப்ரல் இறுதியில், பிறப்பினால் உயர்வு தாழ்வு பாராட்டக் கூடாது என்ற எஸ். ராமநாதனின் தீர்மானம் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியில் நிறைவேறியது. ராஜாஜி முதலியோர் கமிட்டியிலிருந்து விலகினர். மே மாதம் 'குடி அரசு' இதழ் தொடங்கியது. நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் ஏற்கப்படாததும் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். பிற்காலத் தமிழக அரசியலின் பல இழைகள் சேரன்மகாதேவியின் அந்தச் சாப்பாட்டுக் கூடத்தில் முடிச்சிடப்பட்டவை.

குருகுலப் பொறுப்பைத் துறந்த ஐயர் அவை எதையும் காணவில்லை. 1925 ஜூன் 3ஆம் தேதி, பாபநாசத்துக்கு மேலே கல்யாண தீர்த்தத்தில், நீரில் விழுந்த மகள் சுபத்திராவைக் காப்பாற்றப் பாய்ந்து உயிர் நீத்தார். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் கோபமும் துக்கமும் ஒருசேர எழும். கம்பனை அப்படிக் கற்ற மனிதர், குகனோடு ஐவரான கதையை வாசித்தவர், இரண்டு இலைகளை நகர்த்திப் போட முடியாமல் போனாரே என்று கோபம். நல்ல மனிதர்களையும் ஒரு வழக்கம் எப்படித் தன் காவலர்களாக்கிவிடுகிறது என்று துக்கம்.

இதற்கு நூறாண்டு முன்பே, 1820களில், பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸ் தம் விடுதி மாணவர்கள் சாதி பாராமல் ஒன்றாக உண்ண வேண்டும் என்று வற்புறுத்தி எதிர்ப்பைச் சந்தித்தார். மதம் மாறிய பிள்ளைகளுக்கும் பந்தி மாறுவது எளிதாக இல்லை. ஒரு நதிக்கரை, நூறாண்டு இடைவெளி, அதே இலை.

*

பிறகு மாற்றங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ரயில் நிலைய உணவுச்சாலைகளின் பிரிவினை, நீண்ட எதிர்ப்புக்குப் பின் 1941இல் தென்னிந்திய ரயில்வேயில் கைவிடப்பட்டது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 15ஆம் பிரிவு, கடைகளிலும் உணவகங்களிலும் எவரையும் சாதியின் பேரால் தடுக்கக் கூடாது என்றது. இவ்வளவு உயர்ந்த ஆவணத்தில் சாப்பாட்டுக் கடை இடம்பெற்றது ஏன் என்று வேறு நாட்டவர் வியக்கலாம். நமக்கு வியப்பில்லை. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. 1957இல் பெயர்ப்பலகையிலுள்ள 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கக் கோரிச் சென்னைத் திருவல்லிக்கேணியில் பெரியார் கிளர்ச்சி நடத்தினார். சட்டம் நகரத்துக்குள் நுழைந்த வேகத்தில் கிராமத்துக்குள் நுழையவில்லை. தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளை தென்மாவட்டங்களில் அதன்பின்னும் பல பத்தாண்டுகள் இருந்தது. 'வழக்கம்' என்றுதான் அதற்கும் பெயர்.

திருநெல்வேலி வளர்த்த புதுமைப்பித்தன் 1943இல் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' எழுதினார். சென்னைத் தெருவில் கடவுள் வழி கேட்கிறார். பிள்ளை அவரைக் காப்பி ஓட்டலுக்கு அழைத்துப் போகிறார். காப்பியில் சிக்கரி கலந்திருப்பதைப் பற்றிப் பேச்சு நடக்கிறது. கடவுள் நூறு ரூபாய் நோட்டை எடுக்கிறார். வெகுகாலம் அதை நகைச்சுவையாக மட்டுமே வாசித்து வந்தேன். இந்த வரலாற்றோடு சேர்த்து வாசிக்கும்போது இன்னொன்றும் தெரிகிறது. கோயிலில் கடவுளுக்குப் படைத்த பிறகே மனிதன் உண்ண வேண்டும், அதுவும் முறைப்படி. ஓட்டலில் கடவுளும் ஒரு வாடிக்கையாளர். பில்லுக்குப் பணம் உண்டா என்பதே அவரிடமும் கேள்வி. நெல்லைச் சைவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர், பந்தியின் இலக்கணம் முழுக்க அறிந்தவர், அதைக் கதையாக்கியது தற்செயலாக இருக்க முடியாது.

*

1970களின் பிற்பகுதியில் ஒருநாள், நான் பள்ளிச் சிறுவன். தாத்தா என்னையும் கச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அன்று ஏனோ கட்டுச்சோறு இல்லை. ஜங்ஷனில் ஒரு ஓட்டல் வாசலில் நின்றோம். சாம்பார் மணம் தெருவரை வந்தது. வேட்டியின் மடியிலிருந்து பணத்தை எடுத்து எண்ணிப் பார்த்துவிட்டு, உள்ளே மேசைகளைப் பார்த்தார். பிறகு குனிந்து என்னிடம் கேட்டார்: "ஏலே, நாம உள்ள போலாமா?"

எனக்குக் கேள்வியே புரியவில்லை. கதவு திறந்துதானே இருக்கிறது? கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். எதிரே முன்பின் தெரியாத ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துத் தம்ளரைச் சற்று நகர்த்தி இடம் விட்டார். அவ்வளவுதான். தாத்தா சாப்பிட்டு முடிக்கும்வரை தலை நிமிரவில்லை. அரசமைப்புச் சட்டம் வந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அந்த வாசற்படியைத் தாண்ட அவருக்கு அத்தனை காலம் பிடித்திருக்கிறது. திரும்பும்போது பஸ்ஸில், "பரிமாறுனவன் ஒண்ணுமே கேக்கல, பாத்தியா?" என்று மட்டும் சொன்னார்.

*

நண்பருக்கு நான் எழுதிய பதிலையும் இங்கே பதிந்துவிடுகிறேன். காலையில் ஜங்ஷன் பக்கம் இட்லி, வடை, காப்பி. மதியம் வாழையிலைச் சாப்பாடு எங்கும் கிடைக்கும். ஆனால் சொதியும் கூட்டாஞ்சோறும் வேண்டுமென்றால் யாராவது வீட்டுக்கு அழைக்க வேண்டும். கல்யாணத்துக்கு மறுநாள் சொதிச்சாப்பாட்டுக்குச் சமமானது ஓட்டலில் அரிது. மாலையில் நெல்லையப்பரைப் பார்த்துவிட்டு, கீழ ரத வீதியில் இருட்டுக்கடையின் வரிசையில் நின்று சூடான அல்வா. இரவு புரோட்டா, குற்றாலம் பக்கம் போகிறவர்களுக்கு எல்லைக் கடைகளின் கோழியும் உண்டு.

ஒன்றை மட்டும் எழுத விட்டுப்போயிற்று. கூட்டமான நேரத்தில் மேசையில் எதிரே யாராவது வந்து நிற்பார்கள். தம்ளரைச் சற்று நகர்த்தி வையுங்கள்.